ஜெர்மன் ஐயர்மாரும் இங்கிலீஷ் காசும்: லூத்தரன் கல்விக்கும் ஊழியத்துக்கும் உதவும் அமைப்புகள்

கேள்வி இதுதான். திருச்சியிலிருந்து வேலை மாற்றலாகிப் பாளையங்கோட்டையில் குடியேறிய ஒரு டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை) குடும்பம். பிளஸ் டூ முடித்த மகனுக்கு ஆயர் படிப்புப் படிக்க ஆசை. லூத்தரன் கல்விக்கும் ஊழியத்துக்கும் உதவுகிற அமைப்புகள் எவை, யாருக்கு எழுதிக் கேட்பது என்று அப்பா விசாரிக்கிறார். கூடவே இன்னொன்றும் கேட்கிறார்: இத்தனை ஜெர்மன் மிஷனரிகள் வந்துபோன திருநெல்வேலிச் சீமையில் லூத்தரன் சபை ஏன் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது?

அண்ணாச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது பழைய கதை மாதிரித் தெரியும். ஆனால் இன்றைக்கு நீங்கள் யாருக்கு விண்ணப்பம் எழுதினாலும் அந்தக் கதைதான் முன்னால் வந்து நிற்கும். யார் பணம் கொடுக்கிறார்களோ, கடைசியில் குருப்பட்டம் கொடுக்கும் உரிமையும் அவர்கள் கைக்கே போய்விடும். திருநெல்வேலி அளவுக்கு அதை அனுபவித்த ஊர் தமிழ்நாட்டில் இன்னொன்று இல்லை.

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். வந்த இருவரும் ஜெர்மானியர்கள், ஹாலே நகரத்துப் பிராங்கேயிடம் படித்தவர்கள். பணம் மூன்று இடத்திலிருந்து வந்தது: கோபன்ஹேகன் அரண்மனை, ஹாலே, லண்டன். இந்த ஹாலேயைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லூத்தரன் உலகத்தில் கல்விக்கும் ஊழியத்துக்கும் உதவுகிற பல அமைப்புகளுக்கு அதுதான் தாய்வீடு.

ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1695-ல் தன் வீட்டில் ஏழைகளுக்காக வைத்திருந்த உண்டியலில் 4 தாலரும் 16 குரோஷனும் கிடந்ததாம். அதை வைத்துப் புத்தகம் வாங்கி, ஒரு கல்லூரி மாணவனுக்குச் சம்பளம் பேசி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சில வருஷத்தில் அது அநாதை இல்லம், பல வகைப் பள்ளிகள், ஆசிரியர் பயிற்சி என்று ஒரு ஊராகவே வளர்ந்துவிட்டது. காணிக்கையை மட்டும் நம்பி அவர் இருக்கவில்லை. மருந்துக்கடை வைத்தார், அச்சகமும் புத்தகக் கடையும் வைத்தார். ஹாலே மருந்துகள் ஐரோப்பா முழுக்க விலை போயின. அந்த லாபம் பள்ளிக்குப் போனது. அப்புறம் 1710-லிருந்து தரங்கம்பாடிக் கடிதங்களைத் தொகுத்து அச்சடித்து வெளியிட ஆரம்பித்தார்கள். ஜெர்மனியில் ஏதோ ஒரு சிற்றூரில் இருந்த பிரபுவும் தையல்காரரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று வாசித்துவிட்டுக் காசு அனுப்பினார்கள். சொந்த வருமானம், சிறு காணிக்கை, ஒழுங்கான அறிக்கை, இந்த மூன்றும்தான் ஹாலே முறை. இன்றைக்கு எந்த நன்கொடை அமைப்பும் 'அரையாண்டு அறிக்கை அனுப்புங்கள்' என்று கேட்கிறது என்றால் அதன் மூதாதை இங்கேதான் இருக்கிறது.

லண்டன் எப்படி உள்ளே வந்தது? இங்கிலாந்து அரசி ஆனின் கணவர் ஜார்ஜ் டென்மார்க் இளவரசர். அவருடைய அரண்மனையில் போமே என்று ஒரு ஜெர்மன் குருவானவர், பிராங்கேயின் ஆள். அவர் தரங்கம்பாடிக் கடிதங்களை ஆங்கிலத்தில் போட்டுப் பரப்பினார். அதைப் பார்த்து எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் இரங்கியது. அது ஆங்கிலிக்கன் சங்கம், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. அச்சு இயந்திரமும் காகிதமும் அனுப்பி வைத்தார்கள். கப்பலைப் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார், இருந்தும் இயந்திரம் 1712-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. தமிழ் எழுத்து ஹாலேயில் வார்த்தது. அளவு பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை, இங்கேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். பொறையாற்றில் காகிதம் செய்ய ஒரு பட்டறையும் போட்டார்கள். அந்த இடத்துக்கு இன்னும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர்.

இதோடு விட்டிருந்தால் சரி. எஸ்.பி.சி.கே. பின்னால் சென்னை, கடலூர், திருச்சி, தஞ்சாவூர் என்று தன் சொந்தச் செலவிலும் ஆள் வைத்தது. ஆனால் இங்கிலாந்தில் வெப்ப நாட்டுக்கு வரத் துணிந்த குருவானவர்கள் கிடைக்கவில்லை. அதனால் பணம் ஆங்கிலிக்கன் சங்கத்தினுடையது, ஆள் லூத்தரன் என்று ஒரு ஏற்பாடு நடந்தது. நூறு வருஷத்துக்கு மேல் யாரும் அதைப் பெரிதாகக் கேள்வி கேட்கவும் இல்லை. திருநெல்வேலிக்கு சுவிசேஷம் வந்தது இந்த ஏற்பாட்டின் மேல் ஏறித்தான்.

ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (மிஷனரிக் குருமாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்) 1778-ல் பாளையங்கோட்டைக்கு வந்து கிளாரிந்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மராட்டிய பிராமணக் கைம்பெண். அந்த அம்மாள் முயற்சியில் கட்டிய கோவிலை 1785-ல் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார். பாப்பாத்தி கோவில் என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். திருநெல்வேலிச் சபையின் முதல் பெரிய கொடையாளி ஜெர்மானியரும் இல்லை, இங்கிலீஷ்காரரும் இல்லை, ஒரு உள்ளூர்ப் பெண் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். சுவிசேஷக் கவிராயர் வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். பன்னிரண்டு வயசுப் பையனாக இருந்தபோது சுவார்ட்ஸ்தான் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைத்தார். லூத்தரன் கல்வி உதவியில் படித்த முதல் திருநெல்வேலிப் பையன்களில் ஒருவர் என்று அவரைச் சொல்லலாம். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்துக்கு அந்த ஒரு பையனால் கிடைத்ததை நினைத்தால், உங்கள் மகனுக்கு நீங்கள் அலைவது வீண் இல்லை.

1790 டிசம்பரில் தஞ்சாவூரில் சத்தியநாதன் என்ற உபதேசியாருக்கு, அதாவது குருப்பட்டம் இல்லாத சபை ஊழியருக்கு, லூத்தரன் முறைப்படி குருப்பட்டம் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அவர் பாளையங்கோட்டைக்கு வந்தார். லண்டன் எஸ்.பி.சி.கே. என்ன செய்தது தெரியுமா? பேராயர் கை வைக்காத பட்டம் என்று முகம் சுளிக்கவில்லை. அவர் செய்த பிரசங்கத்தை ஆங்கிலத்தில் அச்சடித்தே வெளியிட்டது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் நாற்பத்தைந்து வருஷத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

சத்தியநாதனோடு பாளையங்கோட்டைக்கு வந்தவர் யெனிக்கே, ஹாலே ஆள், எஸ்.பி.சி.கே. சம்பளம். 1799-ல் முதலூர் உண்டானது, தாவீது சுந்தரானந்தம் காலத்தில். 1802-ல் கெரிக்கே ஐயர் சுற்றி வந்தபோது ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. அடுத்து 1806-ல் ரிங்கல்தௌபே. அவரும் பிரஷ்யாக்காரர், ஹாலேயில் படித்தவர், ஆனால் சம்பளம் லண்டன் மிஷனரி சங்கத்தினுடையது. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நம் சபைகளையும் பார்த்தார், ஆரல்வாய்மொழியைத் தாண்டி மயிலாடியிலும் கோவில் கட்டினார். பிறகு 1820 ஜூலை 7-ல் இரேனியஸ். அவருக்குச் சம்பளம் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்தினுடையது. ஆக மூன்று ஜெர்மன் லூத்தரன்கள், மூன்று வெவ்வேறு இங்கிலீஷ் சங்கங்கள். இதில் ஒரு சின்னச் சுவாரசியம்: பாளையங்கோட்டை யெனிக்கேயின் அண்ணன் பெர்லினில் மிஷனரிகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். அதில் படித்துத்தான் இரேனியஸ் வந்தார்.

இரேனியஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். ஊருக்கு ஊர் பள்ளி, பள்ளிக்குள்ளேயே ஜெபம். கோவிலும் பள்ளியும் ஒரே கூரை. லூத்தர் 1524-லேயே நகர சபைகளுக்கு 'பள்ளிக்கூடம் கட்டுங்கள்' என்று எழுதியவர். அந்த வழியில் வந்தவர்களுக்குப் பள்ளி இல்லாத சபை என்பது எண்ணத்திலேயே வராது. பூகோளம் எழுதினார், தமிழ் இலக்கணம் எழுதினார், புதிய ஏற்பாட்டைத் திருத்தி மொழிபெயர்த்தார். சாதாரண தமிழில் பிரசங்கம் செய்தார். ஊசிக்கோபுரம் என்று நாம் சொல்கிற பாளையங்கோட்டைத் தேவாலயம் 1826-ல் அவர் காலத்தில் எழும்பியதுதான்.

பணம் திரட்டுவதிலும் ஆள் கெட்டிக்காரர். பிரஷ்யாவில் டோனா பிரபு என்று ஒரு பக்தியுள்ள சீமான். அவர் அனுப்பிய பணத்தில் நிலம் வாங்கி 1827-ல் ஒரு கிராமம் உண்டாக்கி அவர் பெயரையே வைத்தார். டோனாவூர். ஆமி கார்மைக்கேல் அம்மாவால்தான் அந்த ஊர் உலகத்துக்குத் தெரியும். பெயரென்னவோ ஜெர்மன் பிரபுவினுடையது.

ஆனால் அவர் செய்த காரியங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது 1830-ல் தொடங்கிய தர்ம சங்கம். அப்போது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களை நிலச்சுவான்தார்கள் குடியிருப்பைவிட்டுத் துரத்தினார்கள். குடியிருக்க இடம் இல்லாவிட்டால் சபை எங்கே, பள்ளி எங்கே? சபையாரிடமே சந்தா பிரித்து, நிலம் வாங்கி, குடியமர்த்தி, கோவிலும் பள்ளியும் கட்ட இடம் ஒதுக்க ஒரு சங்கம். பனையேறிகளும் சிறு விவசாயிகளும் கொடுத்த காசு. திருநெல்வேலிக்காரர்களுக்குக் கொடுக்கத் தெரியும் என்பதை அது நிரூபித்தது. சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிற பிடியரிசிக் கலயம், சங்கக் காணிக்கை, ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம், அசனம் என்ற சபை விருந்து என்று பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதே சுபாவம்தான். 1903-ல் பாளையங்கோட்டையில் வேதநாயகம் அசரியா முன்னின்று இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று துணிந்து சொல்ல முடிந்தது இந்தப் பழக்கத்தால்தான்.

சரி, தகராறுக்கு வருவோம். சபைகள் பெருகின. உபதேசியார்கள் நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டார்கள், குருப்பட்டம் வாங்கியவர்கள் மட்டும் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். தகுதியான உபதேசியார்களுக்கு லூத்தரன் வழக்கப்படி நாங்களே பட்டம் கொடுக்கிறோம், சத்தியநாதனுக்குக் கொடுத்தது மாதிரி, என்றார் இரேனியஸ். சி.எம்.எஸ். மறுத்தது. ஏன் என்றால் இடையில் காலம் மாறியிருந்தது. 1814-ல் கல்கத்தாவுக்கு ஆங்கிலிக்கன் பேராயர் வந்துவிட்டார். 1835-ல் சென்னைக்கும் ஒருவர் வந்தார். பேராயர் இல்லாத நாளில் லூத்தரன் பட்டம் செல்லும், பேராயர் வந்தபின் செல்லாது. இரேனியஸ் ஆங்கிலிக்கன் சபை ஒழுங்குகளை விமர்சித்து எழுதியதும் சேர்ந்துகொள்ள, 1835-ல் அவரை சி.எம்.எஸ். நீக்கிவிட்டது. ஆர்க்காட்டுக்குப் போனார், ஜனங்கள் கூப்பிட்டதால் அதே வருஷம் திரும்பி வந்தார். சீமைச் சபைகள் இரண்டாகப் பிரிந்தன. 1838 ஜூன் 5-ல், ஐம்பது வயதாகும் முன்னே இறந்துபோனார். கல்லறை பாளையங்கோட்டை அடைக்கலபுரத்தில் இருக்கிறது. அவர் போனபின் கூட இருந்த ஜெர்மன் ஐயர்மாரும் சபையாரும் பெரும்பாலும் சி.எம்.எஸ்.ஸிலேயே போய்ச் சேர்ந்தார்கள். பின்னே? பள்ளி வாத்தியாருக்கும் உபதேசியாருக்கும் மாசச் சம்பளம் யார் தருவது?

சி.எம்.எஸ். அநியாயம் செய்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். தன் சபை ஒழுங்கைக் காப்பாற்ற அந்தச் சங்கத்துக்கு உரிமை உண்டு. இரேனியஸும் அந்தச் சங்கத்தின் சம்பளத்தில்தான் வேலை செய்தார். ஆனால் ஒன்று: ஹாலேயிலிருந்தோ பெர்லினிலிருந்தோ அன்றைக்குத் திருநெல்வேலிக்கென்று நேரே பணம் வந்திருந்தால், இன்று ஊசிக்கோபுரம் லூத்தரன் கோவிலாக இருந்திருக்கும். அப்புறம் மிஷன்கள் எல்லை பிரித்துக்கொண்டன. ஒருவர் களத்தில் இன்னொருவர் நுழைவதில்லை என்ற ஒப்பந்தத்தில் திருநெல்வேலி சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு ஆங்கிலிக்கன் சங்கங்களுக்கும் விடப்பட்டது. 1896-ல் தனித் திருமண்டலம் ஆனது, 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தபோது அதற்குள் போனது. லூத்தரன் சபைகள் அந்த ஐக்கியத்தில் சேரவில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

இனி இன்றைய அமைப்புகள்.

தமிழ் லூத்தரன்களில் உங்கள் டி.இ.எல்.சி.தான் மூத்த பிள்ளை. ஹாலேயின் உற்சாகம் வற்றியபின், 1836-ல் டிரெஸ்டனில் தொடங்கி 1848-ல் லீப்சிக்குக்கு மாறிய மிஷன் தரங்கம்பாடியை எடுத்துக்கொண்டது. பின்பு சுவீடன் திருச்சபை மிஷனும் சேர்ந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டதும் சுவீடன்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். 1919 ஜனவரி 14-ல் டி.இ.எல்.சி. சுயாதீனச் சபை ஆனது. தலைமையிடம் திருச்சி தரங்கைவாசம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1956-ல் ராஜா மாணிக்கம் முதல் இந்தியப் பேராயர். லீப்சிக் மிஷனும் சுவீடன் திருச்சபையும் இன்றும் டி.இ.எல்.சி.யின் பழைய உறவுக்காரர்கள். ஆனால் முன்போல ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளிகள் இல்லை. திட்டத்துக்கு மட்டும், காலம் குறித்துக் கொடுக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு லூத்தரன் வீடு ஐ.இ.எல்.சி., அதாவது இந்திய சுவிசேஷ லூத்தரன் திருச்சபை. நாகர்கோவில் பக்கம் போனால் தெரியும். இதன் வேர் அமெரிக்காவில். ஜெர்மனியின் சாக்ஸனியிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறியவர்கள் 1847-ல் உருவாக்கிய மிசூரி சினாடு என்ற லூத்தரன் சபை. வேதத்தைப் பற்றிய கொள்கைத் தகராறில் லீப்சிக் மிஷனைவிட்டு வந்த நேத்தர், மோன் என்ற இருவரைக் கொண்டு 1895-ல் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கினார்கள். 1907-ல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். ஆம்பூர் பெதஸ்தா மருத்துவமனை, நாகர்கோவில் கன்கோர்டியா இறையியல் கல்லூரி எல்லாம் இவர்களுடையது. இரண்டும் லூத்தரன்தானே என்று ஒருவருக்கு எழுத வேண்டியதை மற்றவருக்கு எழுதிவிடாதீர்கள். அவர்கள் உதவி அவர்கள் சபை வழியாகத்தான் வரும்.

மிசூரி சினாட்டின் துணை அமைப்புகளை நம்மவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. வாங்குவதற்காக அல்ல, எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்பதற்காக. 1942-ல் தொடங்கிய அவர்களுடைய பெண்கள் மிஷனரி சங்கம் வீட்டுக்கு வீடு சிறு காணிக்கைப் பெட்டி கொடுத்து, சில்லறை சேர்த்து, கூட்டத்தில் வாக்கெடுத்து எந்த ஊழியத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறது. நம் பிடியரிசிதான், ஆனால் கொடுத்த பெண்களே முடிவும் செய்கிறார்கள். நம் ஊரில் அரிசி அளப்பது அம்மாமார், முடிவு செய்வது கமிட்டி ஐயாமார். கட்டடத்துக்கு அங்கே தனி நிதியம் இருக்கிறது. சபையார் அதில் பணம் முதலீடு செய்வார்கள், அதிலிருந்து கோவிலுக்கும் பள்ளிக்கும் கடன் கொடுப்பார்கள், கடன் வட்டியோடு திரும்பும், மறுபடி இன்னொரு பள்ளிக்குப் போகும். நன்கொடை என்றால் ஒருமுறை கட்டடம் எழும்பியதும் தீர்ந்துபோகும், இது சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் 1902-ல் விஸ்கான்சினில் லூத்தரன் குடும்பங்கள் தங்களுக்குள் ஆரம்பித்த காப்பீட்டுச் சங்கம் ஒன்றும், 1917-ல் மின்னியாபோலிசில் ஆரம்பித்த இன்னொன்றும் 2000-களின் தொடக்கத்தில் ஒன்றாகி திரைவென்ட் என்ற பெரிய நிதி நிறுவனமாக நிற்கின்றன. குடும்பத் தலைவர் செத்தால் விதவைக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்பதுதான் ஆரம்பம். 1930-ல் தொடங்கிய லூத்தரன் வானொலி ஊழியத்தைப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள், அது மிசூரி சினாட்டுப் பக்கத்துதான்.

எல்லாச் சபைகளுக்கும் மேலே குடை மாதிரி இருப்பவை இரண்டு. உலக அளவில் லூத்தரன் உலக ஐக்கியம், 1947-ல் சுவீடன் லுண்ட் நகரில் பிறந்தது, அலுவலகம் ஜெனீவா. இந்திய அளவில் யு.இ.எல்.சி.ஐ. என்ற இந்திய லூத்தரன் சபைகளின் ஐக்கியம், 1926-ல் கூட்டமைப்பாக ஆரம்பித்து 1975-ல் இந்தப் பெயர் பெற்றது, அலுவலகம் சென்னை புரசைவாக்கம். டி.இ.எல்.சி., ஐ.இ.எல்.சி., டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லூத்தரன் சபை, குண்டூர் ஆந்திரச் சபை, ராஞ்சி கோஸ்னர் சபை எல்லாம் இதில் உறுப்பு.

படிப்புக்கு முக்கியமானது சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரி. பி.டி. என்ற இறையியல் பட்டம் கல்கத்தா பக்கத்துச் செராம்பூர் செனட்டினுடையது. செராம்பூருக்குப் பட்டம் கொடுக்கும் உரிமையை 1827-ல் கொடுத்தவரும் ஒரு டென்மார்க் அரசர்தான், அந்த ஊர் அப்போது டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. டேனிஷ் ராஜாக்கள் நம்மை விடமாட்டார்கள் போல. தமிழிலேயே படிக்க வேண்டும் என்றால் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது, 1969-ல் தொடங்கியது. சி.எஸ்.ஐ. திருமண்டலங்களும் டி.இ.எல்.சி.யும் சேர்ந்து நடத்துவது. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, சி.எஸ்.ஐ. சிநேகிதர்களோடு வளரும் பையனுக்கு அரசரடி நல்ல இடம் என்பது என் அபிப்பிராயம். பஸ்ஸில் நாலு மணி நேரம், வீட்டுக்கு வந்துபோகவும் வசதி.

பள்ளிக் கல்வியை இங்கே குறுக்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் மிஷன் பள்ளி இன்னும் வெளிநாட்டுக் காசில் ஓடுகிறது என்று நினைக்கிறார்கள். 1854-க்குப் பின் அரசு மானியம் வந்தது. இன்று உதவிபெறும் பள்ளிகளில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு அரசே சம்பளம் தருகிறது, நிர்வாகம் சபை கையில், சிறுபான்மை உரிமை அரசமைப்பின் 30-ஆம் பிரிவில். விடுதிப் பிள்ளைகள் விஷயம்தான் வேறு. 1959-ல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் இந்தியப் பிள்ளைகளுக்கு உதவவென்றே ஆரம்பித்த கே.என்.ஹெச். அமைப்பு பல வருஷம் தமிழ்நாட்டு விடுதிகளைத் தாங்கியது. அது லூத்தரன் என்று மட்டும் இல்லை, பொதுவான புராட்டஸ்டன்ட் அமைப்பு. நம் பக்கத்து ஆசிரியர்களில் ஒரு தலைமுறையே விடுதிச் சாப்பாட்டில் படித்து வந்தது.

இப்போது யாருக்கு எழுதுவது? நேரடியாக வெளிநாட்டுக்கு எழுதவே வேண்டாம். லீப்சிக், ஜெனீவா, மிசூரி சினாட்டின் செயின்ட் லூயிஸ், எங்கே எழுதினாலும் 'உங்கள் சபை வழியாக வாருங்கள்' என்றுதான் பதில் வரும். அது தட்டிக்கழிப்பது இல்லை, அவர்கள் முறையே அப்படித்தான். நம் சட்டமும் இறுக்கம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ல் புதுப்பிக்கப்பட்டு 2020-ல் திருத்தப்பட்டது. பதிவு பெற்ற அமைப்பு மட்டும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில் மட்டும் பணம் வாங்க முடியும். வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக்கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50 இருந்தது. கல்வி உதவித்தொகைக்குத் தனி விலக்கு இருக்கிறது என்றாலும், முன்பின் தெரியாத பையனுக்கு எந்த அமைப்பும் பணம் அனுப்பாது. எனவே 'லூத்தரன் டிரஸ்ட்' என்ற பெயரில் மெயில் வந்து, உதவித்தொகை தயார், செயலாக்கக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்றால், அது மோசடி. எந்தச் சபை அமைப்பும் கொடுப்பதற்குக் கட்டணம் கேட்காது. இதில் ஏமாந்த குடும்பங்களை எனக்குத் தெரியும், படித்தவர்கள்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பையனுடைய ஞானஸ்நானச் சான்றும் திடப்படுத்தல் சான்றும் திருச்சிச் சபையிலிருந்து வாங்கி வையுங்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை சி.எஸ்.ஐ. கோவிலுக்குப் போவதில் தப்பே இல்லை, ஆனால் டி.இ.எல்.சி. சபை அங்கத்தினர் பதிவை அறுந்துபோக விடாதீர்கள், சந்தாவைத் தவறாமல் கட்டுங்கள். குருகுலோ அரசரடியோ, சபை அனுப்பும் மாணவன் என்றால் கட்டணத்தில் சபை பங்கு ஏற்க வாய்ப்பு இருக்கிறது, முடித்தபின் வேலைக்கும் வழி இருக்கிறது. தானாகப் போய்ச் சேர்ந்தவனுக்குப் பட்டம் கிடைக்கும், ஆனால் ஊழியம் செய்யச் சபை கிடைக்கும் என்று உறுதி இல்லை. சபை நேர்காணலுக்குக் கூப்பிட்டால் பையனே பேசட்டும், நீங்கள் பேசாதீர்கள்.

அனுப்புகிற சபையிடம் ஒரு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: படிப்புக்கு உதவினால் எத்தனை வருஷம் சபையில் ஊழியம் செய்ய வேண்டும், இடையில் விலகினால் பணத்தைத் திருப்ப வேண்டுமா? கேட்டால் கோபப்படுவார்கள் என்று கூச்சப்படாதீர்கள். இரேனியஸுக்கும் சி.எம்.எஸ்.ஸுக்கும் நடுவில் இருந்த சிக்கலில் ஒரு பங்கு, ஆரம்பத்தில் தெளிவாகப் பேசிக்கொள்ளாததில் கிடந்தது என்பது என் எண்ணம்.

பணம் குறைந்தால் உள்ளூரில் கேளுங்கள். பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் வேலைக்கு வந்து குடியேறிய லூத்தரன் குடும்பங்கள் நிறைய உண்டு. பத்துக் குடும்பம் சேர்ந்து மாசம் இவ்வளவு என்று ஒரு பையனை ஏற்றுக்கொள்வது பெரிய காரியம் இல்லை. சி.எஸ்.ஐ.க்காரர்களும் கொடுப்பார்கள். அப்படிச் சேர்க்கும்போது பெயருக்கு ஒரு சங்கமும் கணக்குப் புத்தகமும் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை கொடுத்தவர்களுக்குப் பையன் கையாலேயே இரண்டு பக்கம் கடிதம் எழுதச் சொல்லுங்கள். என்ன படித்தான், எங்கே பிரசங்கம் செய்தான், எதில் தோற்றான் என்று. மூன்றாம் வருஷம் பணம் நிற்காமல் வருவதற்கு அந்தக் கடிதம்தான் காரணமாக இருக்கும்.